பாறைமேல் பதினொன்று

காட்டுத்தீத் தடுப்புப் பிரிவில் அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ட்ரோன் இறங்கிவிட்டது என்று வாயால் சொன்னால் போதாது. திரையில் தெரிந்தாலும் போதாது. யாராவது ஒருவர் அதன் முதுகில் கையை வைத்துத் தொட்டுப் பார்க்க வேண்டும். தொட்ட பிறகுதான் வாக்கி டாக்கியில் "வானம் காலி" என்று சொல்லலாம். அந்த இரண்டு சொல் காதில் விழாமல் தண்ணீர் கொண்டுவரும் ஹெலிகாப்டர் மலையைத் தாண்டாது. ஒரு கிலோ எடைகூட இல்லாத பொருள்தான், ஆனால் ஹெலிகாப்டரின் விசிறியில் சிக்கினால் உள்ளே இருப்பவர்கள் கதை அதோடு முடிந்தது.

ட்ரோன் ஓட்டுபவள் அவள். பெரும்பாலும் மேட்டின் மேலிருந்து வேலை செய்வதால் வாக்கியில் அவளுக்குப் பெயர் 'மேடு'. கீழே காட்டுக்குள் தீ தாண்டாதபடி புல்லையும் சருகையும் சீவி, வெறும் மண் தெரிய ஒரு பாதை போடுவார்களே, அந்தத் தீத்தடுப்புக் கோட்டைப் போடும் ஏழு பேரில் தலைவன் அவளுடைய கணவன். அவனுக்குப் பெயர் 'கோடு'. கோடும் மேடும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துவதைப் பற்றிப் பிரிவில் பேசாத கேலி இல்லை.

குடித்தனம் அந்த மாதம் கொஞ்சம் புகைந்துகொண்டிருந்தது. போன மாதத் தீயின்போது, பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்த பிறகும் அவன் தன் ஆட்களோடு பத்து நிமிடம் அங்கேயே நின்று மிச்சமிருந்த கோட்டை முடித்துவிட்டுத்தான் வந்தான். அதை மேலேயிருந்து பார்த்தவள் அவள். பார்த்ததை அப்படியே அறிக்கையில் எழுதினாள். அவனுக்கு நல்ல டோஸ் விழுந்தது. அன்றிலிருந்து வீட்டில் அவனிடமிருந்து கேட்ட கேள்விக்குப் பதில், கொடுத்த காபிக்கு ஒரு 'ம்', அவ்வளவுதான். துண்டைத் தேடும்போது மட்டும் சுவரைப் பார்த்து, "மேலேருந்து பாக்கறவங்களுக்கு எல்லாம் தெரியும், துண்டு எங்கேன்னும் தெரிஞ்சிருக்கும்" என்பான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு துண்டை எடுத்து அவன் தோளில் போட்டுவிட்டுப் போவாள்.

அன்று காலை ஏழு மணிக்கெல்லாம் ஓடைக்கரையில் ஜீப்பை நிறுத்தி, ஆரஞ்சு நிறப் பாயை விரித்து, அங்கிருந்துதான் ட்ரோனை ஏற்றினாள். பக்கத்தில் தண்ணீர் லாரி. அதன் டிரைவர் அவள் கணவனுக்குச் சித்தப்பா, அவளுக்குச் சின்ன மாமா. ட்ரோனை அவர் கொசு என்றுதான் சொல்வார். "கொசுவ எழுப்பிட்டியாம்மா? சரி, எனக்கு இனிமே தூக்கமில்ல" என்று லாரிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பதினொரு மணிக்குக் காற்று திரும்பியது. ஓடைக்கரையை நோக்கிப் புகை வர ஆரம்பித்ததும், கட்டளை அதிகாரியான மேடம் அவளை எதிர்ப்பக்க மேட்டின் உச்சிக்குப் போகச் சொன்னார். ஜீப்பில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். ட்ரோனில் இரண்டு பேட்டரிகள் உண்டு. ஒன்றைக் கழற்றினாலும் மற்றது அதை அணையவிடாது. அவசரத்தில் ஒவ்வொன்றாக மாற்றி, அணைக்காமலே மறுபடி ஏற்றிவிட்டாள். மூன்று நிமிடம் மிச்சம் பிடித்ததாக அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

அவளோடு இருந்தவரை எல்லோரும் 'கண்ணாடி' என்று கூப்பிடுவார்கள். ஓட்டுகிறவள் திரையைப் பார்க்கும்போது ஒருவர் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது விதி. அதற்கென்று பிரிவு தேர்ந்தெடுத்த ஆளுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி. ஆனால் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கண்ணுக்குப் பருந்தா ட்ரோனா என்று இரண்டு மைல் தள்ளித் தெரியும்.

பன்னிரண்டே காலுக்கு அவள் அதைப் பார்த்தாள்.

வெப்பக் கேமராவில் உலகம் வேறு மாதிரி இருக்கும். மரமில்லை, பச்சையில்லை, குளிர்ந்தது கறுப்பு, சூடானது வெள்ளை. தீயின் முன்வரிசை ஒரு வெள்ளை ஆறு போல மெல்ல நெளிந்து ஏறிக்கொண்டிருந்தது. எத்தனை தடவை பார்த்தாலும் அந்தக் காட்சியில் அவளுக்கு மூச்சு ஒரு நொடி நின்றுதான் போகும். கீழே அது ஓலமிடும், சடசடக்கும், கண்ணை எரிக்கும். மேலே சத்தமே இல்லை. தான் எரிக்கிறோம் என்றே தெரியாத ஏதோ ஒன்று தூக்கத்தில் புரண்டு படுப்பது போல இருக்கும்.

அந்த ஆற்றுக்கு இந்தப் பக்கம், கோட்டின்மேல் ஏழு புள்ளிகள். அவர்களுக்குப் பின்னால், இருக்கவே கூடாத இடத்தில், பள்ளத்துக்குள் ஒரு வெள்ளைப் பொட்டு. பறந்து வந்த நெருப்புத் துணுக்கு ஒன்று விழுந்து பற்றியிருக்கிறது. பொட்டு அவள் கண் முன்னாலேயே கைக்குட்டை அளவானது, பிறகு போர்வை அளவானது.

அவள் வாக்கியை வாயருகே கொண்டுபோனாள். குரலில் பதற்றம் தெரியவில்லை. பின்னால் தீ என்றும், வந்த வழி அடைபட்டுவிட்டது என்றும், கோட்டை விட்டுவிட்டு வலப்பக்கம் ஏற வேண்டும் என்றும் சொன்னாள். அங்கே காலையிலேயே எரிந்து முடிந்த கரிந்த புல்தரை, அதன் நடுவில் ஒரு பெரிய பாறை. எரிந்த இடம் இன்னொரு முறை எரியாது. கோட்டிலிருந்து ஒரே ஒரு சொல் வந்தது.

"வழி?"

புகைக்குள் அவர்களுக்குத் தங்கள் கையே தெரியவில்லை. அவள் சொல்லச் சொல்ல நடந்தார்கள். முப்பது அடி நேரே, நில்லுங்கள், இடது கைப்பக்கம் முள் புதர், அதைச் சுற்றி. ஏழு வெள்ளைப் புள்ளிகள் ஒன்றன் பின் ஒன்றாக, முன்னால் போகிறவன் முதுகைப் பிடித்துக்கொண்டு, அவள் குரலைப் பிடித்துக்கொண்டு வந்தன. ஆறு நிமிடத்தில் பாறைமேல் ஏறிவிட்டன. அதற்குள் சின்னத் தீ கைகோத்துப் பெரிய தீயோடு சேர்ந்துகொண்டது.

ஆனால் பாறைக்கு இடப்புறம் ஒரு மூங்கில் கூட்டம், இன்னும் பற்றாமல் நின்றது. மூங்கில் பிடித்தால் வெடித்துச் சிதறும். அப்புறம் அந்தப் பாறைக்கும் அடுப்புக்கல்லுக்கும் வித்தியாசம் இருக்காது. மூங்கில்மேல் உடனே தண்ணீர் விழ வேண்டும். ஹெலிகாப்டர் ஏரியில் வாளியை முக்கி எடுத்துவிட்டது என்றும், மேடு உடனே வானத்தைக் காலி செய்யட்டும் என்றும் மேடம் உத்தரவு போட்டார்.

"சரி மேடம்" என்றாள். திருப்பத்தான் கையை வைத்தாள். கடைசியாக ஒருமுறை எண்ணிவிடலாம் என்று பாறையை எண்ணினாள்.

எட்டு இருந்தது.

மறுபடி எண்ணினாள். ஒன்பது. ஏழு பேர் போன இடத்தில் ஒன்பது எப்படி வரும்? ட்ரோனைக் கொஞ்சம் கீழே இறக்கினாள். புகையிலிருந்து இன்னும் ஒரு புள்ளி நீளமாக, நிதானமாக வெளியே வந்தது. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு குட்டியாக ஒன்று. மான்கள். நான்கு. மனிதர்களைக் கண்டால் காத தூரம் ஓடும் பிராணிகள், இரண்டு பக்கமும் நெருப்பு நிற்க, உட்கார்ந்திருந்த ஏழு பேருக்கு நடுவில் வந்து நின்றன. யாரும் விரட்டவில்லை. எதுவும் மிரளவில்லை. ஒரு புள்ளி நகர்ந்து இடம் விட்டதைக்கூட அவள் பார்த்தாள். குட்டி அந்த இடத்தில் போய் உட்கார்ந்தது.

பதினொன்று. கறுப்புத் திரையில் பதினொரு சின்ன வெளிச்சங்கள், ஒன்றுக்கொன்று தொடும்படி. எது மனிதன், எது மான் என்று கேமராவுக்குத் தெரியவில்லை. எல்லாவற்றின் சூடும் ஒரே சூடாகத்தான் இருந்தது. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. கோயிலுக்குள் தெரியாமல் செருப்போடு நுழைந்துவிட்டவள் போல அசையாமல் நின்றாள்.

"ஏம்மா, இன்னுமா திருப்பல?" என்று கண்ணாடி வானத்திலிருந்து பார்வையை எடுக்காமலே கேட்டார்.

திரை உறைந்து போனது. அவள் கீழே இறக்கியதில் மலையின் தோள் நடுவே வந்துவிட்டது. 'தொடர்பு இல்லை' என்று சிவப்பு எழுத்து. உத்தரவு வந்து நாற்பது வினாடி ஆகியிருந்தது என்று மூலையில் இருந்த கடிகாரம் சொன்னது.

அதற்குக்கூடப் பயமில்லை. தொடர்பு அறுந்தால் ட்ரோன் தானாக உயரே எழும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து இறங்கிவிடும். இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு நிமிடம் போனது. பாய்மேல் எறும்புதான் ஊர்ந்தது. ஒன்றரை நிமிடம் போனது.

"வரலியேம்மா" என்றார் கண்ணாடி.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அணைக்காமலே பேட்டரி மாற்றினாள். அணைத்திருந்தால் புறப்பட்ட இடத்தை அது புதிதாகக் குறித்துக்கொண்டிருக்கும். அதன் நினைவில் வீடு என்பது இந்த மேடு இல்லை. காலையில் பாய் விரித்த ஓடைக்கரை. பாறையிலிருந்து ஓடைக்கரைக்குக் கோடு போட்டால் அது நேராகப் பள்ளத்தாக்கின் நடுவே போகும். தண்ணீர் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு ஹெலிகாப்டர் வரப்போகிற அதே பள்ளத்தாக்கு.

அவள் வாக்கியை எடுத்தாள். பொத்தானை அழுத்தினாள்.

"மேடம், மேடு பேசறேன். வானம் காலி இல்ல. ட்ரோன் என் கையில இல்ல. பள்ளத்தாக்கு வழியா ஓடைக்கரைக்குப் போகுது. தப்பு என்னோடது. ஹெலிகாப்டர நிறுத்துங்க."

மேடம் ஹெலிகாப்டரை மலைக்கு அந்தப் பக்கமே வட்டமடிக்கச் சொன்னார். எல்லாம் ஒரே அலைவரிசை. பாறைமேல் இருந்த ஏழு பேரும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தங்களுக்கு வந்துகொண்டிருந்த தண்ணீரை நிறுத்தியது யார் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களில் ஒருவனுக்கு அவள் காலையில் தண்ணீர்ப் பாட்டில் நிரப்பிக் கொடுத்திருந்தாள்.

அவள் லாரியைக் கூப்பிட்டாள். சின்ன மாமா தூக்கக் கலக்கத்தில் இல்லை, புகையில் இருமிக்கொண்டிருந்தார். கொசு அங்கே வந்ததா என்று கேட்டாள். இல்லை, ஒன்றையும் காணோம், காது அடைக்கிற மாதிரி ஓடைப்பக்கம் காற்று என்றார். லாரியை விட்டு இறங்கி வானத்தைப் பார்க்கச் சொன்னாள். இறங்கினார். புகைதான் தெரிகிறது என்றார்.

மூன்று நிமிடம் ஆயிற்று. மேட்டின் உச்சியிலிருந்து மூங்கில் கூட்டத்தின் நுனி வெறும் கண்ணுக்கே தெரிந்தது. அதன் காலடியில் புகை பழுப்பாகிக்கொண்டிருந்தது.

கண்ணாடி மெதுவாகப் பக்கத்தில் வந்தார். தூரத்தையும் வேகத்தையும் விரல்விட்டுக் கணக்குப் போட்டிருந்தார். கணக்குப்படி அது இந்நேரம் எப்படியும் இறங்கியிருக்க வேண்டும், ஓடையில்கூட விழுந்திருக்கலாம், காலி என்று சொல்லிவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள் என்றார். அவர் கெட்டவர் இல்லை. கீழே இருந்தவர்களில் அவருடைய சிநேகிதர்களும் உண்டு.

அவளுக்கும் அதே கணக்குத்தான் வந்தது. பத்தில் ஒன்பது பங்கு அது தரையில்தான் இருக்கும். மிச்சம் ஒரு பங்கில் ஹெலிகாப்டருக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களை அவள் பார்த்ததுகூட இல்லை. அவர்களுக்கும் யாரோ பாட்டில் நிரப்பிக் கொடுத்திருப்பார்கள்.

மேடம் கேட்டார். "மேடு, நீ சொல்றதுதான். காலியா?"

அவள் பொத்தானில் விரலை வைத்தாள். அழுத்தினால் எந்தச் சொல் வருமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது.

அப்போது கோடு பேசியது. இருமல், பிறகு தொண்டைச் செருமல், பிறகு அந்த மாதம் முழுக்க வீட்டில் அவள் கேட்காத குரல்.

"மேடு, பாத்துட்டே சொல்லு. அவசரப்படாத. நாங்க உக்காந்துதான் இருக்கோம்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இன்னும் காலி இல்ல மேடம்" என்றாள்.

நான்கு நிமிடம் ஆயிற்று. நாலே கால். லாரியிலிருந்து ஒரு சத்தம். சின்ன மாமா யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். காலையில் பாய் விரித்திருந்த இடத்தில், நிழலுக்காக, அவர் லாரியை நகர்த்தி நிறுத்தியிருந்தார். ட்ரோன் தன் வீட்டைத் தேடி வந்து, வீட்டின்மேல் ஒரு லாரி நிற்பதைப் பார்த்து, புகைக்குள் கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் உட்கார்ந்துவிட்டது. அவர் கீழே நின்று வானத்தைத் துழாவிக்கொண்டிருக்க, அது அவர் தலைக்கு நேர் மேலே இருந்திருக்கிறது.

விசிறி நின்றதா என்று கேட்டாள். நின்றுவிட்டது என்றார். ஏணியில் ஏறித் தொடச் சொன்னாள். அறுபது வயசில் ஏணியில் ஏறுகிற மூச்சு வாக்கியில் கேட்டது. அவர் பொத்தானிலிருந்து கையை எடுக்க மறந்துவிட்டார் போல. ஒவ்வொரு படியும் எல்லோர் காதிலும் விழுந்தது.

"தொட்டுட்டேன்மா. சுடுது, குழந்தைக்குக் காய்ச்சல் மாதிரி. கைய எடுக்கல. எடுக்கட்டுமா?"

"எடுக்காதீங்க மாமா" என்றாள். பிறகு, "மேடம், வானம் காலி."

ஹெலிகாப்டர் மலையைத் தாண்டி வந்ததை அவள் முதலில் நெஞ்சில்தான் உணர்ந்தாள். காலடி மண் அதிர்ந்தது. புகையைக் கிழித்துக்கொண்டு அது இறங்கி, மூங்கிலுக்கு மேலே ஒரு நொடி நிதானித்து, வாளியைத் திறந்தது. தண்ணீர் விழுகிற மாதிரியே இல்லை; வானத்திலிருந்து யாரோ ஒரு வெள்ளைத் துணியை உதறி விரித்த மாதிரி இருந்தது. வெயில் அதில் பட்டு, எரிகிற காட்டுக்கு நடுவில், ஒரு வானவில் தோன்றி அழிந்தது. அடுத்த வாளி. அதற்கு அடுத்தது. மூங்கில் கறுத்து, நனைந்து, அப்படியே நின்றது. கண்ணாடி தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தூசி என்றார்.

மாலை நான்கு மணிக்கு ஏழு பேரும் கரி பூசிய முகங்களோடு முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். அவன் அவளிடம் வரவில்லை. அவள் மேடத்தின் மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மடக்கு மேசை, அதன்மேல் கல் வைத்த வரைபடம், ஆறிப்போன டீ. தொடர்பு அறுந்தது மலையால், அதற்கு யார் என்ன செய்ய முடியும் என்று கண்ணாடி தொடங்கினார். அவள் குறுக்கிட்டாள். திருப்பச் சொல்லி உத்தரவு வந்த பிறகு நாற்பது வினாடி தாமதித்தேன், கீழேயும் இறக்கினேன், அதனால்தான் மலை மறைத்தது. இடம் மாறியபோது அணைத்துப் போடாததும் நான்தான் என்றாள். கணவன் கூடாரத்து வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை அவள் பார்க்கவில்லை.

"நாப்பது செகண்டு என்னத்தப் பாத்த?" என்றார் மேடம்.

"மான் வந்துச்சு மேடம். அவங்க பக்கத்துல வந்து உக்காந்துச்சு. நான் எண்ணிட்டே நின்னுட்டேன்."

மேடம் பேனாவை வைத்தார். வெளியே, இன்னும் புகைந்துகொண்டிருந்த மலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதையும் அறிக்கையில் எழுதச் சொன்னார். பதினைந்து நாள் ட்ரோனில் கை வைக்கக் கூடாது, நாளையிலிருந்து தணல் தேடும் வேலைக்குக் கோட்டோடு நடந்து போக வேண்டும் என்றார். இடம் மாறினால் அணைத்துத்தான் போட வேண்டும் என்று அன்றைக்கே பிரிவுக்கு ஒரு புது விதியும் எழுதப்பட்டது.

ஜீப்பில் வீடு திரும்பும்போது அவன்தான் ஓட்டினான். பாதி வழியில், சாலையைப் பார்த்தபடியே, "போன மாசம் நான் நின்னது பத்து நிமிஷம்" என்றான். அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "நீ நின்னது நாப்பது செகண்டு. எழுதிக் குடுத்துட்ட" என்றான். கியரின் மேலிருந்த கையை எடுத்து அவள் கையின்மேல் வைத்தான். கரியும் வியர்வையுமாக இருந்தது. மேடு வந்ததும் கியர் மாற்ற வேண்டியிருந்தது. மாற்றிவிட்டு மறுபடி வைத்தான்.

மறுநாள் காலை அவள் முதல் முறையாக அந்தக் காட்டுக்குள் காலால் நடந்தாள். தணல் தேடுவது என்றால் கையுறையைக் கழற்றி, புறங்கையைச் சாம்பலுக்கு மேலே பிடித்துக்கொண்டே போவது. உள்ளே சூடு இருந்தால் கைக்குத் தெரியும். அங்கே தோண்டித் தண்ணீர் விட வேண்டும். ஆயிரம் அடி உயரத்திலிருந்து அவள் ஒரு பார்வையில் முடிக்கும் தூரத்தை நடக்க அரை நாள் ஆயிற்று. ஒவ்வொரு மரத்தையும் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. திரையில் கையளவு இருந்த பாறை, கிட்டே போனால் இரண்டு மாடி வீடு.

அவன் அவளைக் கூட்டிக்கொண்டு ஏறினான். உச்சியில் படிந்திருந்த சாம்பலில் எல்லாம் அச்சடித்தது போல இருந்தது. ஏழு பேரின் பூட்ஸ் தடம். அவற்றுக்கு இடையே பிளந்த குளம்புத் தடங்கள், பெரிதும் சிறிதும். இங்கேதான் குட்டி உட்கார்ந்தது, என் முதுகில் மூச்சு விட்டது, நான் நம்ம ஆள் யாரோ என்று நினைத்துத் திரும்பாமலே 'பயப்படாதடா' என்று சொன்னேன் என்று அவன் காட்டினான். அவள் அங்கே உட்கார்ந்து தடத்தின் விளிம்பை விரலால் தொட்டாள். சூடில்லை.

இறங்கும்போது பாறையின் அடிவயிற்றில், மேலே இருந்தவர்களுக்குத் தெரியாத ஒரு குடைவு இருந்தது. தணல் இருக்குமோ என்று அவள்தான் குனிந்து கையை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது. அவனைக் கூப்பிடக்கூட இல்லை; சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

உள்ளே சாம்பல் ஒரு படுக்கை போல அமுங்கியிருந்தது. நீளமான உடம்பு ஒன்று பக்கவாட்டில் படுத்திருந்த பள்ளம். அதற்கு முன்னால் இரண்டு கால் தடங்கள், ஒவ்வொன்றும் அவள் உள்ளங்கை அகலம். நடுவில் மெத்தை போல உள்ளங்கால், முன்னால் நான்கு வட்ட விரல்கள், நகமே பதியாமல். சிறுத்தை. தலையை முன்கால்மேல் வைத்துப் படுத்திருக்கிறது. அதற்கு நேர் மேலே, அதே பாறையின் உச்சியில், நான்கு மான்களும் ஏழு மனிதர்களும் இருந்திருக்கிறார்கள். பாறைக்கு அடியில் இருந்ததால் கேமராவுக்குத் தெரியவில்லை. புகை அடங்கியதும் எழுந்து, யாரையும் திரும்பிப் பார்க்காமல், ஓடையின் பக்கமாக நேரே நடந்து போயிருந்தது. தடம் நிதானமாக, ஒரே சீராக, சாம்பல் முடியும் வரை தெரிந்தது.

அவன் மெதுவாகப் பாறையில் சாய்ந்து உட்கார்ந்தான். அவளும் உட்கார்ந்தாள். அவன்தான் மெல்ல, யாரோ தூங்குகிற அறையில் பேசுவது போலக் கேட்டான்.

"கீழ இருக்கற நம்ம பசங்ககிட்ட சொல்லலாமா?"

அவள் யோசித்தாள். கீழேயிருந்து யாரோ, அடிமரம் ஒன்று இன்னும் புகைகிறது, தண்ணீர் கொண்டுவாருங்கள் என்று குரல் கொடுத்தார்கள்.

"சொல்லலாம்" என்றாள். "சாப்பிட்டு முடிக்கட்டும். இப்போ சொன்னா ஒருத்தரும் சாப்பிட மாட்டாங்க."

இருவரும் எழுந்து, அந்தத் தடங்களை மிதிக்காமல், சுற்றிக்கொண்டு இறங்கினார்கள்.